பழைய காமிக்ஸில் இன வார்ப்பை எப்படி வாசிப்பது

என் அப்பா சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் நெகட்டிவ் ஒட்டும் வேலை பார்த்தார். அங்கிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டே பொருள்கள்: கழிவுத் தாளில் வந்த காமிக்ஸ் பக்கங்கள், அச்சுப் புள்ளி பார்க்கிற ஒரு சின்ன லென்ஸ். பக்கங்கள் கரையானுக்குப் போய்விட்டன. லென்ஸ் இன்னும் என் மேசையில் இருக்கிறது. இப்போது ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சொல்லித்தருகிறேன். காமிக்ஸை வைத்து ஆய்வேடு எழுத வருகிற முதுகலை மாணவர் கையில் முதலில் அந்த லென்ஸைத்தான் கொடுக்கிறேன்.

வருகிறவர்கள் அநேகமாக ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: "1940களின் அமெரிக்க காமிக்ஸில் கறுப்பினத்தவரை இழிவாக வரைந்திருக்கிறார்கள்." உண்மைதான். ஆனால் பக்கத்தைத் திறந்த எவருக்கும் அது கண்ணில் படும். அதைச் சொல்ல ஆய்வேடு வேண்டியதில்லை. எதைப் பார்த்து வரைந்தார்கள், கதையில் அந்த ஆளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள், அன்றைக்கே யார் யார் வேண்டாம் என்றார்கள், அதற்கு என்ன பதில் வந்தது? இவற்றைக் காட்டத்தான் இரண்டு வருடம் உட்கார வேண்டியிருக்கிறது. ஓர் இனத்தாரை எப்போதும் ஒரே அச்சில் காட்டுகிற வார்ப்பை, ஆங்கிலத்தில் ஸ்டீரியோடைப் என்பதை, வாசிக்க நான் பழகிய முறையை எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டீரியோடைப் என்பது அச்சகச் சொல். எழுத்தெழுத்தாகக் கோத்த பக்கத்தின் மேல் அச்செடுத்து, அதில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றி, முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக வார்ப்பார்கள். அதன் பிறகு எழுத்துகளைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். தகடு எத்தனை ஆயிரம் முறை அடித்தாலும் அதே பக்கத்தைத்தான் அடிக்கும். 1922இல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பிற மனிதரைப் பற்றி நம் தலைக்குள் உறைந்துபோன படங்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். நான் தமிழில் வார்ப்பு என்றே எழுதுகிறேன். தப்பெண்ணம், முன்முடிவு என்று எழுதினால் ஓவியரின் மனசு நல்லதா கெட்டதா என்ற பேச்சில் போய் நின்றுவிடும். வார்ப்பு என்று சொன்னால், அச்சு எங்கே என்று தேடத் தோன்றும்.

அச்சு மேடையில் இருந்தது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர், கருக்கிய தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு "ஜிம் குரோ" என்ற பெயரில் கறுப்பின அடிமை ஒருவர்போல ஆடிப் பாடினார். அது பரவி, மின்ஸ்ட்ரெல் என்ற தனி மேடை வகையே உருவாயிற்று. கரி முகம், வாயைச் சுற்றி அகலமாக விட்ட வெளிர் வளையம், உருளுகிற கண். அந்த ஒப்பனை இசைத்தாள் அட்டைக்குப் போயிற்று, விளம்பரத்துக்குப் போயிற்று, பிறகு செய்தித்தாள் சித்திரங்களுக்கு வந்தது. காமிக்ஸ் ஓவியர் பக்கத்துத் தெருவில் நடந்துபோன கறுப்பின மனிதரைப் பார்த்து வரையவில்லை. மேடைப் பூச்சை வரைந்த படத்தைப் பார்த்து இன்னொரு படம் வரைந்தார்.

இதை வாயால் சொன்னால் போதாது. அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று, மின்ஸ்ட்ரெல் சுவரொட்டி ஒன்று, உங்கள் காமிக்ஸ் கட்டம் ஒன்று, மூன்றையும் ஒரே தாளில் ஒட்டுங்கள். கட்டம் எதன் பிள்ளை என்று பார்த்த உடனே தெரியும். உதட்டைக் குறிப்பாகக் கவனியுங்கள். முகத்தின் மற்ற பாகமெல்லாம் கறுப்பு மையில் நிரம்பியிருக்க, உதடு மட்டும் நிழலே இல்லாத ஒரு வெற்று வளையமாக இருக்கும். மனித உதடு அப்படி இருப்பதில்லை. பூச்சு அப்படி இருக்கும்.

ஒரே கை, இரண்டு விதக் கோடு

"கார்ட்டூன் என்றால் எல்லாரையும்தானே கோணல்மாணலாக வரைவார்கள்" என்று யாராவது சொல்வார்கள். வாய்மொழித் தேர்வில் கட்டாயம் சொல்வார்கள். அதற்குப் பதில் அதே பக்கத்திலேயே இருக்கிறது.

வில் ஐஸ்னர் 1940 ஜூன் 2 முதல் ஞாயிறு செய்தித்தாள்களின் இணைப்பாக வரைந்த "தி ஸ்பிரிட்" தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, நிழல், தெருவிளக்கு என்று அவர் பக்கத்தை அமைக்கும் விதத்தை இன்றும் ஓவியம் பயில்கிறவர்கள் பார்த்துப் படிக்கிறார்கள். கதாநாயகனுக்கு எலும்பு, தசை, சட்டை மடிப்பு எல்லாம் உண்டு. அவன் அருகிலேயே எபனி ஒயிட் என்ற கறுப்பினத் துணைவன், உருண்டைக் கண்ணும் வளைய உதடுமாக நிற்கிறான். கட்டம் ஒன்று, பேனா ஒன்று, கை ஒன்று. ஒரு மனிதனுக்கு உடற்கூறு கிடைத்தது. மற்றவனுக்கு மின்ஸ்ட்ரெல் முகமூடி கிடைத்தது. இருவரையும் தனித்தனியே டிரேசிங் தாளில் எடுத்து, பின்னணி இல்லாமல் அடுத்தடுத்து வையுங்கள். ஒரே கதையின் ஆட்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கார்ட்டூன் வாதம் அத்தோடு முடிந்தது.

ஐஸ்னரைக் கெட்டவர் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். யூதக் குடியேறிகளின் மகன் அவர். தன் கடைசிக் காலத்தில், 2003இல், ஆங்கில நாவலொன்றின் யூதத் திருடன் பாத்திரத்துக்கு மறுவாழ்வு கொடுத்து ஒரு சித்திர நாவல் போட்டார். அதன் முன்னுரையில் எபனியைப் பற்றித் தானே பேசுகிறார். தன் இனத்தின் மேல் விழுந்த வார்ப்பால் நொந்தவர், இன்னொரு இனத்தின் வார்ப்பை வருடக்கணக்காக அடித்துக்கொண்டிருந்தார். ஆய்வேட்டில் எழுத வேண்டிய இடம் இது.

இதைவிடக் குழப்பமானது ஜார்ஜ் ஹெரிமன் கதை. "கிரேஸி கேட்" என்ற சித்திரத் தொடரை வரைந்தவர், 1880இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார், வெள்ளையராகவே வாழ்ந்து 1944இல் இறந்தார். அவர் பிறப்புப் பதிவில் கறுப்பினத்தவர் என்று குறித்திருந்தது 1970களில்தான் வெளியே தெரிந்தது. ஓவியரின் பிறப்பைப் பார்த்துப் படத்தின் பொருளைச் சொல்கிற குறுக்குவழி உதவாது என்பதற்கு இவர் ஒருவரே போதும்.

கதையில் அவருக்கு என்ன வேலை?

முகத்தை விடுங்கள், வேலையைப் பாருங்கள். ஜனரஞ்சகக் கதை வகை எதுவானாலும், துப்பறிதலோ காட்டு சாகசமோ விண்வெளியோ, அதில் காலி இடங்கள் முன்கூட்டியே உண்டு: நாயகன், அவன் மூளைக்கு ஒரு வில்லன், அவன் முதுகுக்கு ஒரு துணை, சிரிக்க ஒரு ஆள். வெகுஜன இலக்கியத்தை ஆராய்கிறவர்கள் இதைச் சூத்திரம் என்பார்கள். எந்த இடத்தில் எந்த இனத்தை உட்கார வைத்தார்கள் என்பதே உங்கள் கேள்வி.

ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பத்து இதழ் எடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறியுங்கள்: யார் பேசுகிறார், எத்தனை சொல், யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், யார் கட்டளை இடுகிறார், யார் பயப்படுகிறார், யாரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள், யாருக்கு வீடு இருக்கிறது. வீடு என்ற கேள்வியைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். நாயகனுக்குக் காதலி, மாமனார், நிலுவையில் வாடகை எல்லாம் இருக்கும். துணைவன் கதை முடிந்ததும் எங்கே போய்ப் படுக்கிறான் என்றே தெரியாது.

1941இல் தொடங்கிய "பிளாக்ஹாக்" விமானப் படைக் கதைகளில் பல நாட்டு வீரர்கள் ஒரே சீருடையில் பறக்கிறார்கள். சீனனான சாப்-சாப்புக்கு மட்டும் சீருடை இல்லை. குள்ளம், துருத்திய பல், பின்னல், கையில் வெட்டுக்கத்தி, சமையல் வேலை. பல வருடம் கழித்துத்தான் அவனுக்குச் சீருடையும் மனித முகமும் வந்தன. சீருடை என்று வந்தது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஓர் இயலே எழுதலாம்.

நம்மூர் வாசகருக்கு நெருக்கமானவர் லொதார். லீ ஃபால்க் 1934இல் தொடங்கிய மாண்ட்ரேக் தொடரில், அவர் பல காட்டு இனங்கள் சேர்ந்த நாட்டின் இளவரசர். அரசை விட்டுவிட்டு மாண்ட்ரேக் என்ற மந்திரவாதிக்குப் பின்னால் வருகிறார். தொப்பி, சிறுத்தைத் தோல், உடைந்த ஆங்கிலம். 1965இல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் என்ற ஓவியர் பொறுப்பேற்ற பிறகு ஆடையும் பேச்சும் மாறின. வேலை எவ்வளவு மாறியது என்று எண்ணிப் பாருங்கள். உடை மாறினால் இடம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் பள்ளி வகுப்பில் கறுப்பாக, நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பையன் இருந்தான். நாங்கள் அவனை லொதார் என்று கூப்பிட்டோம். பெஞ்சு தூக்க லொதார், குடிதண்ணீர்ப் பானை நிரப்ப லொதார். நானும் ஏவியிருக்கிறேன். எங்களில் யாரும் தனக்கு மாண்ட்ரேக் என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை, வைக்கத் தேவைப்படவில்லை. அவன் முகத்தில் லொதாரின் ஒரு சாயலும் கிடையாது. நிறம் ஒன்று போதுமாக இருந்தது, வேலை தானாகக் கூடவே வந்தது. இந்த நோட்டு, கோடு, எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அவனால்தான்.

எண்ணிக்கைக்குப் பிடிபடாததும் உண்டு. ஜீன் லூவன் யாங் 2006இல் வெளியிட்ட சித்திர நாவலில், சீனர் மீதான அத்தனை கேலியையும் திரட்டி ஒரு பாத்திரமே செய்திருக்கிறார், வாசகர் கூசிப்போக வேண்டும் என்பதற்காக. நோட்டில் அது சாப்-சாப்பைவிட மோசமான கணக்காக வரும். ஆகவே எண்ணி முடித்த பிறகு கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வெறுமனே படியுங்கள்.

"அந்தக் காலத்தில் அப்படித்தான்"

நான் மாணவர் எழுத்தில் சிவப்பு மையால் அடிக்கிற ஒரே வாக்கியம் இது. எழுதுகிறவர் நியாயமாக நடக்கிறோம் என்று நினைத்துத்தான் எழுதுகிறார். ஆனால் அன்றைக்கு எதிர்த்தவர்களை அந்த வாக்கியம் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

1945ஐப் பாருங்கள். ஃபாஸெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் கதைகளில் ஸ்டீம்போட் என்ற கறுப்பின வேலையாள் பாத்திரம் வந்துகொண்டிருந்தது. நியூயார்க் பள்ளி மாணவர்கள் சிலர், யூத்பில்டர்ஸ் என்ற அமைப்பின் வழியாக, இதழாசிரியர் வில் லீபர்சனை நேரில் போய்ப் பார்த்தார்கள். வேடிக்கைக்காகப் பலரையும்தானே இப்படி வரைகிறோம் என்பது அவர் தரப்பு. வெள்ளையருக்கு இந்த இதழில் நாயகர்களும் இருக்கிறார்கள், எங்களுக்கு இது ஒன்றுதானே இருக்கிறது என்பது மாணவர் தரப்பு. ஸ்டீம்போட் நிறுத்தப்பட்டார். நான் மேலே சொன்ன வேலைக் கணக்கை அந்தப் பிள்ளைகள் நோட்டு இல்லாமலே போட்டிருந்தார்கள்.

1947இல் பிலடெல்பியாவில் ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் "ஆல்-நீக்ரோ காமிக்ஸ்" இதழைக் கறுப்பின ஓவியர்களையே கொண்டு வெளியிட்டார். ஓர் இதழோடு நின்றுபோயிற்று. அந்த ஓர் இதழ் போதும், வேறுவிதமாக வரைய அன்று யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாமல் செய்ய.

1953இல் இ.சி. நிறுவனத்தின் "வியர்டு ஃபேன்டஸி" 18ஆம் இதழில் ஒரு சின்னக் கதை வந்தது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன், வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. ரோபோக்கள் வாழும் கோளுக்குப் பூமியிலிருந்து ஒரு பரிசோதகர் போகிறார். ஆரஞ்சு ரோபோவும் நீல ரோபோவும் உள்ளே ஒரே அமைப்பு. மேல் தகட்டின் நிறத்தை வைத்து நீலத்துக்கு வேறு பேருந்து இருக்கை, வேறு குடியிருப்பு. நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில்தான் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். கறுப்பின மனிதர், நெற்றி வியர்வை நட்சத்திரம்போல மின்னுகிறது.

இனி 1956. இடையில், 1954இல், காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்துவிட்டன. எந்த இனத்தையும் கேலி செய்யக் கூடாது என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கதையை மறுபடி அச்சிடக் கொண்டுபோனபோது, தணிக்கைத் தலைவர் சார்லஸ் மர்ஃபி அந்த மனிதர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்றார். அது இல்லாமல் கதையே இல்லையே என்று வாதாடிய பிறகு, வியர்வையையாவது எடுங்கள் என்றார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து, வரைந்தபடியே அச்சிட்டார். அந்த நிறுவனத்தின் கடைசி காமிக்ஸ் இதழ் அது. விதிப்புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு, 1954க்குப் பிறகு நிலைமை சீரானது என்று எழுதியிருக்கிறார் என்னிடம் படித்த ஒருவர். விதி எழுதப்பட்டதையும் அதைக் கையில் வைத்திருந்தவர் எதன்மேல் பாய்ந்தார் என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆக, உங்கள் இதழின் தேதிக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடத்தில் யார் எதிர்த்தார்கள், யார் மாற்றி வரைந்தார்கள் என்று தேடுங்கள். வாசகர் கடிதப் பகுதி, கறுப்பினத்தவர் நடத்திய செய்தித்தாள்கள், பள்ளிச் சங்கங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். அமெரிக்க காமிக்ஸ் அட்டையில் போட்ட மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல. 1941 மார்ச் என்று போட்ட முதல் கேப்டன் அமெரிக்கா 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. எதிர்ப்பு முந்தியதா, மாற்றம் முந்தியதா என்று சொல்லப்போகிறவருக்கு இந்த மூன்று மாதம் பெரிது. கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையப் பட்டியலில் இதழ்வாரியாக ஓவியர், தேதி, மறுபதிப்பு விவரங்கள் கிடைக்கும்.

எந்தப் பதிப்பு உங்கள் கையில்?

இங்கேதான் அப்பாவின் லென்ஸ். பழைய அமெரிக்க காமிக்ஸில் நிறம் என்பது மை அல்ல, புள்ளி. சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, நீலப் புள்ளி இவற்றை வேண்டிய அளவில் கலந்துதான் ஒவ்வொரு நிறமும் வரும். ஆசிய முகத்தைச் சுத்த மஞ்சளாக அடித்தார்கள் என்றால், ஒருவர் உட்கார்ந்து அந்தப் புள்ளியைத் தேர்ந்திருக்கிறார். அது பெரும்பாலும் ஓவியர் இல்லை, வண்ணம் குறித்துக் கொடுக்கிற வேறொருவர். மறுபதிப்பிலோ கணினியில் மறுபடி வண்ணம் போட்டிருப்பார்கள். மஞ்சள் முகம் மாநிறமாகியிருக்கும். மறுபதிப்பைப் பார்த்து மூலத்தின் நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் பதிப்பில் நிறமே கிடையாது. கோட்டையும் மை நிரப்பலையும் வைத்து மட்டும் பேசுங்கள். பதிப்புரிமை தீர்ந்த 1940களின் இதழ்கள் பல, டிஜிட்டல் காமிக் மியூசியம் என்ற இணையதளத்தில் பழுப்பேறிய தாளோடு அப்படியே கிடைக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகூடத் தெரியும்.

மொழிபெயர்ப்பும் அப்படித்தான். உடைந்த ஆங்கிலத்தைத் தமிழில் கொச்சையாக்கலாம், அல்லது எல்லாருக்கும் ஒரே புத்தகத் தமிழ் கொடுக்கலாம். என் நினைவில் இருக்கிற லொதார் சுத்தத் தமிழில்தான் பேசினார்; அவர் பேச்சில் ஒரு இழிவு இருந்தது என்று முதுகலை படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பலூனில் உள்ளதைப் பற்றி எழுதுவதானால் மூல மொழியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பதிப்பில் ஓர் அரிய சான்று இருக்கிறது. 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், லீ ஃபால்க்கின் இன்னொரு நாயகனான ஃபேண்டம் கதைகளைப் பல இந்திய மொழிகளில் கொடுத்தது. மூலத்தில் கடற்கொள்ளையரின் பெயர் சிங் சகோதரத்துவம். இந்திரஜாலில் அது சிங்கா ஆயிற்று. கதை நடக்கும் பெங்காலா என்ற நாடு டென்காலி ஆயிற்று. நம் பெயரும் நம் மாநிலமும் கொள்ளைக்காரர் பெயரோடு ஒட்டுவது நமக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. முகமூடி போட்ட வெள்ளைக்காரர் தலைமுறை தலைமுறையாக நாட்டாமை செய்ய, விஷ அம்போடு காவல் நிற்கிற பந்தர் குள்ள இனத்தார் மட்டும் வந்தபடியே வந்தார்கள். எதை மாற்றினார்கள், எதை விட்டார்கள் என்று நோட்டில் இரண்டு நெடுவரிசை போட்டுப் பாருங்கள். யாருக்கு வலிப்பது யாருக்குத் தெரிந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய ஆய்வுகளை எடுத்தாளும்போது

1954இல் காமிக்ஸுக்கு எதிராக எழுதிய மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாமை மேற்கோள் காட்டத் தோன்றும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் மனநலச் சிகிச்சை நிலையம் நடத்தியவர், காட்டுக் கதைகளில் உள்ள இன வெறுப்பைச் சரியாகவே பிடித்தவர். ஆனால் அவருடைய கோப்புகளைப் படித்த கரோல் டில்லி என்ற ஆய்வாளர், பிள்ளைகள் சொன்னதை அவர் மாற்றியும் திரித்தும் எழுதியிருப்பதை 2012இல் காட்டினார். அவருடைய கவனிப்பை எடுங்கள், அவர் தரும் சாட்சியத்தை எடுக்காதீர்கள்.

வகுப்பில் காட்டும்போது

சில வருடங்களுக்கு முன் ஸ்டீம்போட் படத்தைத் திரை முழுக்கப் போட்டு ஒரு கருத்தரங்கைத் தொடங்கினேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. படம் முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. இரண்டாம் வரிசையில் சூடானிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை மூடிவிட்டுக் குனிந்தே இருந்தார். முடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு என் முறை இது. முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுகிறேன், என்ன படம், எதற்காகக் காட்டுகிறேன் என்று. திரையில் போடுவதில்லை, தாளில் அச்சடித்துக் கவிழ்த்து வைக்கிறேன், பேச வேண்டிய இடம் வரும்போது திருப்பச் சொல்கிறேன், பேசியதும் மறுபடி கவிழ்க்கச் சொல்கிறேன். தனியாக அந்த முகத்தை வெட்டிக் காட்டுவதில்லை, முழுப் பக்கத்தையும் தேதியோடும் ஓவியர் பெயரோடும் காட்டுகிறேன். ஆய்வேட்டிலும் அப்படியே: படம் அட்டையில் வேண்டாம், இயலின் முதல் பக்கத்திலும் வேண்டாம், அதைப் பற்றிய பத்தி எங்கே இருக்கிறதோ அங்கே, நான்கு அங்குலத்துக்கு மேல் போகாத அகலத்தில்.